ஒப்பந்தத்தில் இன்னும் எத்தனை வருடம்?

நேயர்களுக்கு வணக்கம். தடைக்காலத்தில் விசைப்படகெல்லாம் சும்மா நிற்கும்போது மண்டபம், பாம்பன் பக்கம் சாயங்காலம் மணலில் பந்தாட்டம்தான்; பாதிப் பையன்கள் முதுகில் மெஸ்ஸி, மீதிப் பேர் முதுகில் ரொனால்டோ. ஆடி முடித்ததும் வாய்ச்சண்டை: வேறு கிளப்புக்குப் போகிறேன் என்று நட்சத்திர வீரர் சொன்னால் கிளப் கேட்டுத்தானே ஆகணும்?

எங்கே கேட்டது? 2020 ஆகஸ்டில், போகிறேன் என்று மெஸ்ஸியே தன் கிளப் பார்சிலோனாவுக்கு எழுதிக் கொடுத்தார். சீசன் முடிவில் கிளப்புக்குக் காசு எதுவும் தராமல் விலக அவருக்கு உரிமை இருந்தது, ஆனால் அதற்கு ஜூன் 10 கெடு. கொரோனாவால் சீசனே ஆகஸ்டில்தான் முடிந்தது என்று அவர் தரப்பு சொல்ல, கெடு கெடுதான், போகணும் என்றால் 70 கோடி யூரோ வை என்றது கிளப். கோர்ட்டுக்குப் போக மனமில்லாமல் இருந்துவிட்டார். அடுத்த வருடம் அவரே இருக்க ஆசைப்பட்டபோது ஸ்பெயின் லீக்கான லா லீகாவின் சம்பள வரம்பு குறுக்கே வந்தது, பாரிசுக்குப் போனார்.

இங்கிலாந்து வீரர் ஹாரி கேன் 2021இல் டாட்டன்ஹாம் கிளப்பிலிருந்து மான்செஸ்டர் சிட்டிக்குப் போகத் துடித்தார். ஒப்பந்தத்தில் மூன்று வருடம் பாக்கி, டாட்டன்ஹாம் விடவில்லை. 2023இல் ஒரே வருடம்தான் பாக்கி, அதுவும் முடிந்தால் காசே வராது, ஜெர்மனியின் பேயர்னுக்கு விற்றுவிட்டார்கள். பிரான்ஸ் வீரர் எம்பாப்பே பாரிஸ் கிளப்பில் ஒப்பந்தம் முடியும்வரை இருந்து, 2024இல் பைசா விலையில்லாமல் ரியல் மாட்ரிட் போனார்.

முதலாளியிடம் வாங்கிய அட்வான்ஸைக் கட்டாமல் நம்மூர் ஆள் அடுத்த படகில் ஏற முடியாது, அந்த மாதிரிதான் இதுவும். ஆனால் ஐரோப்பாவில் முன்பு இதைவிட மோசம், ஒப்பந்தம் முடிந்த பிறகும் கிளப் காசு கேட்டு மறிக்கலாம். பெல்ஜியம் வீரர் போஸ்மன் 1990இல் அப்படித்தான் மாட்டினார். வழக்குப் போட்டு, 1995 டிசம்பர் 15இல் ஐரோப்பிய நீதிமன்றத்தில் ஜெயித்தார். அதற்குள் அவருடைய ஆட்ட வயது போய்விட்டது, பலனை அனுபவித்ததெல்லாம் பின்னால் வந்தவர்கள். இன்றைய கோடீஸ்வர வீரர்கள் அவர் பெயரையாவது நினைப்பார்களா, தெரியாது.

சரி, 2025இல் சுவீடன் வீரர் இசாக் என்ன செய்தார்? இங்கிலாந்தின் நியூகாசில் கிளப்பில் மூன்று வருடம் பாக்கி இருக்கும்போதே ஆட மாட்டேன் என்று உட்கார்ந்து, வீரர்களை வாங்க விற்கக் கெடு முடியும் கடைசி நாளில் 12.5 கோடி பவுண்டுக்கு லிவர்பூல் போய்ச் சேர்ந்தார். எனக்கு அது பிடிக்கவில்லை, கையெழுத்துப் போட்டது அவர்தானே. ஆனால் அவ்வளவு பணம் கொட்ட ஒரு கிளப் வெளியே காத்திருந்ததால்தான் அது பலித்தது. இரண்டாம் டிவிஷனில் ஆடும் பையன் இப்படி முறைத்துக்கொண்டு உட்கார்ந்தால் உட்கார்ந்தே கிடக்க வேண்டியதுதான், அவன் இடத்தில் வேறொருவன் இறங்கி ஆடிவிடுவான்.