14 பெரிதா, 12 பெரிதா?

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் வேட்பாளருக்கு வாக்களிக்கும் அதே சீட்டில், சில சட்டங்களுக்கும் 'ஆம்', 'இல்லை' என்று மக்களே குறிக்கலாம். 2012 ஜூனில் அப்படி வந்தது 28-ஆம் முன்மொழிவு. மாநிலச் சட்டமன்றத்தில் ஒருவர் இருக்கக்கூடிய மொத்தக் காலத்தை 14 ஆண்டிலிருந்து 12 ஆண்டாகக் குறைக்கலாமா? குறைப்பதுதானே, யார் வேண்டாம் என்பார்கள்? சுமார் 61 சதவீதம் பேர் 'ஆம்' என்றார்கள்.

கொஞ்சம் விரல் விட்டு எண்ணுங்கள். அங்கே இரண்டு அவை. கீழவையான அசெம்ப்ளியில் ஒரு தவணை 2 ஆண்டு. 1990-இல் வந்த 140-ஆம் முன்மொழிவின்படி மூன்று தவணைதான், ஆக, 6. செனட்டில் தவணை 4 ஆண்டு, இரண்டு முறை, ஆக, 8. ஆறும் எட்டும் பதினாலு. புதிய விதியில் மொத்தம் 12. ஆனால் அந்தப் பன்னிரண்டையும் ஒரே அவையில் கழிக்கலாம்! திரும்பச் சொல்கிறேன்: அசெம்ப்ளியில் 6 இருந்த இடத்தில் 12.

பழைய பதினாலும் பலருக்கு ஏட்டுச் சுரைக்காய்தான். அசெம்ப்ளியில் 80 பேர், செனட்டில் 40 இடம். அதிலும் பாதிக்குத்தான் ஒவ்வொரு முறையும் தேர்தல். எத்தனை பேர் மேலே போக முடியும்? வாக்குச் சீட்டில் இருந்தது பொய்யில்லை. முழுக் கணக்கும் இல்லை.

இதை நான் மோசடி என்று சொல்ல மாட்டேன். 6 ஆண்டு விதி படுத்திய பாடு அப்படி. பட்ஜெட்டைப் புரிந்துகொள்வதற்குள் முதல் தவணை முடியும். கடைசித் தவணையில் கண் செனட் தொகுதி மேல். வில்லி பிரவுன் 1980 முதல் 1995 வரை அசெம்ப்ளியின் சபாநாயகர். அவரை இறக்கத்தான் 140 வந்தது என்று அப்போதே பேச்சு. இறங்கினார், சரி. அப்புறம் அந்த நாற்காலியில் யாரும் நிலைத்து உட்காரவில்லை. விவரம் தெரிந்தவர்கள் என்று மிஞ்சியது அதிகாரிகளும், நிறுவனங்களுக்காகவும் அமைப்புகளுக்காகவும் உறுப்பினர்களிடம் ஆதரவு தேடும் லாபிக்காரர்களும்தான். புதிய விதியில் வந்த ஆண்டனி ரெண்டன் 2016 முதல் 2023 வரை சபாநாயகராக இருந்தார்.

நேரமாகிவிட்டது என்று கைகாட்டுகிறார்கள். விதி யாருக்குப் பொருந்தும் என்பதையும் பாருங்கள்: 28 பொருந்தியது அதன்பின் முதன்முதலாகத் தேர்வானவர்களுக்கு மட்டும். சீட்டை முழுக்கப் படிக்கவும் வேண்டும்: இன்னொரு அமெரிக்க மாநிலமான ஆர்கன்சாஸில் 2014-இல், லாபிக்காரர்களின் பரிசுக்குத் தடை போடும் திருத்தத்துக்குள்ளேயே ஓர் உறுப்பினர் இருக்கக்கூடிய மொத்தக் காலத்தை 16 ஆண்டாக்கும் வரியும் இருந்தது. அதுவும் நிறைவேறியது. வணக்கம்.