வலியெடுத்த நேரத்தில் கூட இருப்பவர் மருத்துவச்சிதான்

நடுவர் அவர்களே, "பேறுகாலத்தில் பெண்ணுக்குப் பெருந்துணை மருத்துவரா, மருத்துவச்சியா?" என்பது தலைப்பு. நான் மருத்துவச்சி பக்கம். துருப்பிடித்த கத்தியால் தொப்புள்கொடி அறுத்த காலத்துக்கே திரும்பிப் போகச் சொல்கிறீர்களா என்று எதிரணித் தோழி கேட்டார். இல்லைங்க. நான் பேசுவது படித்துப் பயிற்சி பெற்றவர்களைப் பற்றி. செவிலியர்களுக்கு 18 மாதம் கூடுதலாகப் பயிற்சி கொடுத்து உருவாக்கலாம் என்று 2018-இல் இந்திய அரசே வழிகாட்டு நெறி வெளியிட்டதே, அவர்களைப் பற்றி.

மருத்துவர் கைதான் சுத்தமான கை என்றும் சொன்னார். 1846-இல் வியன்னா பொது மருத்துவமனையில் பிரசவத்துக்கு இரண்டு பிரிவுகள். மருத்துவ மாணவர்கள் பார்த்த பிரிவில் 100 தாய்மார்களில் 11 பேர் இறந்தார்கள், மருத்துவச்சிகள் பார்த்த பிரிவில் 3 பேருக்கும் குறைவு. பிணத்தை அறுத்த கையோடு வந்து தாயைத் தொட்டதுதான் காரணம் என்று அடுத்த வருடம் கண்டுபிடித்து, எல்லோரையும் கை கழுவ வைத்தவர் செம்மல்வைஸ். அவரும் மருத்துவர்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த வித்தியாசத்தை அவருக்குக் காட்டிக்கொடுத்தது மருத்துவச்சிகளின் பிரிவு.

சரி, நம் ஊருக்கு வருவோம். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 100-க்கு 99 பிரசவங்களுக்கு மேல் மருத்துவமனையில்தான் நடக்கின்றன. இது பெரிய சாதனை, நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் அதே ஆய்வில் சிசேரியன் 45 சதவீதம்! நாடு முழுக்கப் பார்த்தால் 21.5 தான். தமிழ்நாட்டுத் தனியார் மருத்துவமனைகளில் மட்டும் பார்த்தால் 60-ஐத் தாண்டுகிறது. இத்தனை பெண்களுக்குமா சுகப்பிரசவம் முடியாமல் போயிற்று?

தலைச்சன் பிரசவம் என்றால் பன்னிரண்டு மணி நேரம், அதற்கு மேலும் ஆகும். புற நோயாளிகள், ஆபரேஷன், அடுத்த வார்டு என்று ஓடுகிற மருத்துவரால் அவ்வளவு நேரம் ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்கார முடியாது, அது அவர் குற்றமும் இல்லை. மருத்துவச்சிக்கோ அந்தக் காத்திருப்புதான் வேலையே. நடக்கச் சொல்வார், இடுப்பை நீவிவிடுவார், குழந்தையின் இதயத்துடிப்பை விடாமல் கேட்பார், இன்னும் எவ்வளவு நேரம் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். என் அக்காவுக்கு அது கிடைக்கவில்லை. மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டுப் போனார்கள், ராத்திரி முழுக்க என்ன நடக்கிறதென்று ஒருவரும் சொல்லவில்லை, வலியில் கத்தியதற்குத் திட்டுதான் விழுந்தது. பையனுக்கு ஒன்பது வயது ஆகிவிட்டது, இன்னமும் அந்த ராத்திரியைச் சொன்னால் அவள் கண் கலங்கும்.

ரத்தப்போக்கு வந்தால் மருத்துவச்சி என்ன செய்வார் என்று கேட்டார்கள். கர்ப்பப்பை சுருங்க ஊசி போடுவார், அடிவயிற்றைத் தேய்த்துவிடுவார், அதே நிமிடம் மருத்துவரைக் கூப்பிடுவார். எது தன் கைக்கு மீறியது என்று தெரிவதும் அவர் படிப்பில் ஒரு பாடம். இலங்கையில் குடும்பநல மாது என்று அழைக்கப்படும் அரசு மருத்துவச்சி கர்ப்பிணியின் வீட்டுக்கே போகிறார், பிள்ளை பிறந்த பிறகும் போய்ப் பார்க்கிறார். பேறுகால மரணம் அங்கே நம்மைவிடக் குறைவு. அங்கேயும் மருத்துவர் இருக்கிறார் நடுவர் அவர்களே, கூப்பிட்டால் வருகிற தூரத்தில். நன்றி, வணக்கம்.