பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி: பர்மிங்காமா, பிலடெல்பியாவா? – நேயர் சந்தேகத்திற்கு விளக்கம்

வணக்கம். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வசிக்கும் நேயர் ஒருவர் அனுப்பியுள்ள கேள்வியை முதலில் வாசித்துவிடுகிறேன். "எங்கள் ஊர்க் கடையில் 12 போர் என்ற குழல் அளவுள்ள இரண்டு பழைய இரட்டைக்குழல் துப்பாக்கிகள் ஏறக்குறைய ஒரே விலையில் விற்பனைக்கு வந்துள்ளன. ஒன்று 1920களின் பிற்பகுதியில் பர்மிங்காமில் செய்யப்பட்ட வெப்லி அண்ட் ஸ்காட். மற்றொன்று அதே காலத்தில் பிலடெல்பியாவில் செய்யப்பட்ட ஃபாக்ஸ் ஸ்டெர்லிங்வொர்த். உரிமம் என்னிடம் இருக்கிறது. இலையுதிர் காலத்தில் காட்டுக்குள் நடந்து கிரவுஸ் பறவைகளைச் சுடுவதற்கு இவற்றில் எது ஏற்றது? பொதுவாகவே, பழைய துப்பாக்கிகளில் பிரிட்டனுடையவை உயர்ந்தவையா, அமெரிக்காவினுடையவையா?"

இரண்டாவது கேள்விக்குத்தான் முதலில் விடை சொல்ல வேண்டும். நம்மவர்களிடம் "இங்கிலீஷ் துப்பாக்கி" என்ற சொல்லுக்கே ஒரு தனி மரியாதை உண்டு. ஜமீன் வீடுகளிலும் எஸ்டேட் பங்களாக்களிலும் பிரிட்டிஷ் துப்பாக்கிகளையே பார்த்துப் பழகிய தலைமுறை விட்டுச்சென்ற மரியாதை அது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோடு இந்தியாவில் வேட்டை ஏறக்குறைய முடிந்துபோனாலும், அந்த மதிப்பீடு மட்டும் மாறாமல் அப்படியே நின்றுவிட்டது. அதை அப்படியே அமெரிக்கக் கடைக்குள் கொண்டுபோனால் தவறான பொருளை வாங்க நேரிடும். ஏனெனில் இவ்விரு நாட்டுத் துப்பாக்கிகளும் ஒரே வேலைக்காகச் செய்யப்பட்டவை அல்ல.

பிரிட்டிஷ் துப்பாக்கி எந்த வேலைக்காக உருவானது என்பதைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு நாளைப் பார்த்தால் போதும். 1913 டிசம்பர் 18 அன்று பக்கிங்காம்ஷயரில் உள்ள ஹால் பார்ன் பண்ணையில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் உள்ளிட்ட ஒரு சிறு குழு 3,937 பெசன்ட் பறவைகளைச் சுட்டது. அவற்றுள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை மன்னர் ஒருவருடைய கணக்கு. இந்தக் கணக்கைக் கேட்டு இன்று நமக்கு மனம் கசந்தாலும், துப்பாக்கியின் கோணத்திலிருந்து அந்த நாளைப் பாருங்கள். சுடுபவர் நின்ற இடத்திலேயே நிற்கிறார். ஆட்கள் புதர்களைத் தட்டிப் பறவைகளை அவருடைய தலைக்கு மேலே விரட்டிவிடுகிறார்கள். ஒரு துப்பாக்கியைச் சுட்டு முடிப்பதற்குள், பக்கத்தில் நிற்கும் உதவியாள் தோட்டா நிரப்பிய இரண்டாவது துப்பாக்கியைக் கையில் திணிக்கிறார். அச்சு அசலாக ஒன்றைப் போலவே இருக்கும் ஜோடித் துப்பாக்கிகள் லண்டனில் செய்யப்பட்டது இதற்காகத்தான். நாள் முழுவதும் நூற்றுக்கணக்கில் சுட வேண்டுமானால் தோள் தாங்க வேண்டும். அதனால் தோட்டாவில் உள்ள ரவையின் எடை 1 1/16 அவுன்சோடு, அதாவது சுமார் 30 கிராமோடு, நின்றுவிட்டது. துப்பாக்கியின் எடை ரவையின் எடையைப்போல் 96 மடங்கு இருக்க வேண்டும் என்பது பர்மிங்காமின் துப்பாக்கித் தயாரிப்பாளர் கிரீனர் பெயரால் வழங்கும் பழைய கணக்கு. அதைப் போட்டுப் பார்த்தால் ஏறத்தாழ ஆறரை பவுண்டு வருகிறது. லண்டன் துப்பாக்கிகளின் எடை சுமார் 2.9 கிலோவில் வந்து நிற்பது தற்செயலன்று.

அந்த வேலைக்கான நுட்பங்களும் அப்படியே அமைந்தன. ஃபிரெடரிக் பீஸ்லி 1880இல் காப்புரிமை பெற்று லண்டனின் பர்டி துப்பாக்கி நிறுவனத்துக்கு அளித்த அமைப்பில், சுட்டு முடித்தபின் துப்பாக்கியைத் திறப்பதற்கு அதன் முதன்மை ஸ்பிரிங்கே உதவி செய்கிறது. மூடும்போது கை கொடுக்கும் விசையால் அது மீண்டும் இறுகிக்கொள்கிறது. திறப்பதில் ஒரு நொடியில் பாதி மிச்சமாகிறது என்றால், வரிசையாகப் பறவைகள் வரும்போது அது பெரிய இலாபம். நடந்து நடந்து நாளுக்கு நான்கு பறவைகளை எழுப்பும் உங்களுக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

அமெரிக்காவில் நிலம் வேறு, பறவை வேறு, சுடுபவரும் வேறு. உதவியாள் கிடையாது, விரட்டும் ஆட்கள் கிடையாது. விடியலில் சேற்றிலும் பனியிலும் ஒளிந்திருந்து உயரத்தில் போகும் வாத்தைச் சுடுவார்கள். அதே துப்பாக்கியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு வயல் வேலைக்குப் போவார்கள். ஆகவே அமெரிக்கத் துப்பாக்கி கனமானது, உறுதியானது, கனமான தோட்டாவுக்கு உரியது. 1922இல் வெஸ்டர்ன் கார்ட்ரிஜ் நிறுவனம் மெதுவாக எரியும் மருந்தைக் கொண்ட சூப்பர்-எக்ஸ் தோட்டாக்களை வெளியிட்ட பிறகு இந்தப் போக்கு இன்னும் வலுத்தது. அந்தக் காலத்தின் உச்சம் நாஷ் பக்கிங்காம் என்ற வேட்டை எழுத்தாளரிடம் இருந்த கனரக ஃபாக்ஸ். அதன் முழக்கத்தை வைத்து 'போ ஹூப்' என்று அதற்குப் பெயரே வைத்தார்கள். ஏறத்தாழ நாலரைக் கிலோ எடையுள்ள அந்தத் துப்பாக்கி, 1948 டிசம்பரில் ஆர்கன்சாவில் வாத்து வேட்டை முடிந்து திரும்பும்போது காரின் சக்கர மூடிமேல் வைக்கப்பட்டு, மறந்துபோய், வழியில் எங்கோ விழுந்து காணாமற்போயிற்று. அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் கிடைக்காமல் இருந்து, பிறகு வெளிப்பட்டு, 2010இல் நடந்த ஏலத்தில் இரண்டு லட்சம் டாலருக்கும் மேல் விலைபோனது. ஒரு லண்டன் துப்பாக்கியைக் கார்மேல் மறந்துவைத்தவர் எவரையும் நான் கேள்விப்பட்டதில்லை. அதற்கென்று ஒரு பெட்டியும் பெட்டியைத் தூக்க ஓர் ஆளும் இருந்திருப்பார்கள்.

செய்த விதத்திலும் இந்த வேறுபாடு தெரிகிறது. கனெடிகட் மாநிலத்தின் மெரிடன் நகரில் பார்க்கர் துப்பாக்கியைத் தொடங்கிய சார்லஸ் பார்க்கர், முதலில் காபிக்கொட்டை அரைக்கும் இயந்திரம் செய்தவர். சிராக்யூஸ் நகரின் எல்.சி. ஸ்மித், தம் துப்பாக்கித் தொழிலை ஹன்டர் குடும்பத்துக்கு விற்றுவிட்டுத் தட்டச்சு இயந்திரத்துக்குப் போனவர். ஸ்மித்-கொரோனா என்ற பெயர் நம் தட்டச்சுப் பயிற்சி நிலையங்களில் பழகியவர்களுக்கு நினைவிருக்கலாம். இவர்கள் இயந்திரச் சாலைக்காரர்கள். எஃகை எப்படி அளவாக வெட்டுவது என்று சிந்தித்தார்கள். லண்டன் கைவினைஞரோ வாங்குபவரின் கைநீளத்தையும் கழுத்தையும் அளந்து, தோளில் பதியும் பின்கட்டையை வலப்புறமாகச் சற்று வளைத்து, அவர் ஒருவருக்காகவே செய்தார். பழைய லண்டன் துப்பாக்கியை வாங்குபவர் உண்மையில் இறந்துபோன ஒருவருடைய உடலளவுக்குத் தைத்த சட்டையை வாங்குகிறார். அது உங்களுக்குப் பொருந்தவும் செய்யலாம், பொருந்தாமலும் போகலாம். அமெரிக்கத் துப்பாக்கியில் சிக்கல் வேறு: அக்காலத்து வழக்கப்படி கட்டை மிகவும் கீழிறங்கியிருக்கும். தலையை நிமிர்த்திச் சுடும் பழக்கத்துக்கு ஏற்றவை அவை. கன்னத்தைக் கட்டையில் அழுத்திச் சுடக் கற்றுக்கொண்ட இன்றைய ஆளுக்குக் குறி தாழ்ந்துபோகும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் திருத்திவிடுகிறேன். அமெரிக்கத் துப்பாக்கி தொழிற்சாலைப் பொருள் என்பதால் உதிரி பாகம் வாங்கிப் பொருத்தினால் வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இரட்டைக்குழல் துப்பாக்கியில் அது நடக்காது. குழல்களையும் பூட்டும் பகுதியையும் அங்கேயும் கையால் அரம் போட்டுத்தான் பொருத்தினார்கள். அமெரிக்கத் தொழிற்சாலையின் மேதைமையைப் பார்க்க வேண்டுமானால் இரட்டைக்குழலை விட்டுவிட்டு, 1912இல் வெளிவந்து ஏறக்குறைய இருபது லட்சம் விற்ற வின்செஸ்டர் மாடல் 12 என்ற ஒற்றைக்குழல் பம்ப் துப்பாக்கியைத்தான் கையில் எடுக்க வேண்டும். அந்த விலையில் அவ்வளவு மென்மையாக ஓடும் இயக்கத்தைப் பிரிட்டன் ஒருபோதும் செய்ததில்லை, செய்ய விரும்பவுமில்லை. என் தனிப்பட்ட கருத்தில் லண்டனின் பர்டிக்கு அமெரிக்கா சொன்ன நேர்மையான பதில் பார்க்கர் அல்ல, மாடல் 12தான். அலங்காரச் செதுக்கலில் பிரிட்டனுக்குப் போட்டியே இல்லை. நடுத்தரப் பார்க்கர்களில் செதுக்கப்பட்டுள்ள வேட்டை நாய்கள் சில என் கண்ணுக்கு ஆட்டுக்குட்டிகளாகவே தெரிகின்றன.

இனி உங்கள் இரண்டு துப்பாக்கிகளுக்கு வருகிறேன். வெப்லி அண்ட் ஸ்காட்டின் உட்பகுதி, 1875இல் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸ் நிறுவனத்தில் பணியாற்றிய ஆன்சன், டீலி ஆகிய இருவரும் உருவாக்கிய பாக்ஸ்லாக் அமைப்பு. குழல் கீழே சாயும்போதே உள்ளிருக்கும் சுத்தி பின்னுக்குத் தள்ளப்பட்டுத் தயாராகிவிடும். பாகங்கள் குறைவு, நம்பகம் மிகுதி. பூட்டுப்பொறி பக்கத் தகடுகளில் அமைந்த லண்டன் சைடுலாக் துப்பாக்கிக்குக் கொடுக்கும் விலையில் பெரும் பகுதி பெயருக்கும் செதுக்கலுக்கும் போய்விடுகிறது. பறவைக்கு அந்த வேறுபாடு தெரியாது. பர்மிங்காம் பாக்ஸ்லாக்கே பழைய பிரிட்டிஷ் துப்பாக்கிகளில் பணத்துக்கு நியாயமான பொருள் என்று நான் எப்போதும் சொல்லிவந்திருக்கிறேன். உங்கள் ஃபாக்ஸும் எளிமையில் அதற்குச் சளைத்ததன்று. அதன் சுத்தியும் ஊசியும் ஒரே துண்டு. தட்டை ஸ்பிரிங்குக்குப் பதிலாகக் கம்பிச் சுருள் ஸ்பிரிங் இருப்பதால் எளிதில் முறியாது. பூட்டும் உருளை தேயத் தேயத் தானே சற்று ஆழமாகச் சுழன்று இறுகிக்கொள்ளும்.

வாங்குபவருக்குப் பிரிட்டிஷ் துப்பாக்கியில் உள்ள மிகப் பெரிய வசதி அதன் அழகு அன்று, அதன் அடியில் உள்ள முத்திரைகள். லண்டனில் 1637 முதலும் பர்மிங்காமில் 1813 முதலும் குழல்களை அளவுக்கு மீறிய மருந்தேற்றிச் சுட்டுச் சோதிக்கும் அமைப்புகள் உள்ளன; சோதனை முத்திரை இல்லாத துப்பாக்கியை அங்கே விற்பதே சட்டப்படி குற்றம். அமெரிக்காவில் அப்படியொரு அரசுச் சட்டம் இருந்ததே இல்லை. ஒவ்வொரு தொழிற்சாலையும் தானே சோதித்துத் தானே முத்திரையிட்டுக்கொண்டது. அவை ஒழுங்காகச் சோதித்தன என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் பர்மிங்காம் முத்திரையில் குழலின் அன்றைய உள்விட்டமும் பதிவாகியிருக்கிறது. அந்த எண்ணோடு இன்றைய அளவை ஒப்பிட்டால், இடையில் எவராவது துருவை மறைக்கக் குழலின் உட்புறத்தைத் தேய்த்து மெருகேற்றியிருக்கிறாரா என்பது வெளிச்சமாகிவிடும். ஃபாக்ஸில் அந்தச் சாட்சி கிடையாது. குழல் சுவரின் தடிமனை நேரடியாக அளந்துதான் பார்க்க வேண்டும். கண்ணாடிபோல் பளபளக்கும் குழலைக் கண்டு நானே ஒரு முறை ஏமாந்திருக்கிறேன். பளபளப்பு இருந்தது, சுவர்தான் இல்லை. துப்பாக்கி பழுதுபார்க்கும் எந்தக் கைவினைஞரிடம் கேட்டாலும் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்குக்குக் குறைந்த தடிமனைக் கண்டால் முகம் சுளிப்பார்.

அடுத்தது மிக முக்கியமான எச்சரிக்கை. வெப்லியின் தோட்டா அறை பெரும்பாலும் 2½ அங்குலமாக இருக்கும். உங்கள் ஊர்க் கடைகளில் கிடைப்பது 2¾ அங்குலத் தோட்டா. அது உள்ளே தடையின்றி நுழைந்துவிடும் என்பதுதான் ஆபத்து. ஏனெனில் தோட்டாவின் நுனி மடிப்பு விரிவது சுடும்போதுதான். விரிவதற்கு இடமில்லாமல் அழுத்தம் ஏறும். போதாததற்கு இன்றைய அமெரிக்கத் தோட்டாக்கள் அந்தக் குழல் சோதிக்கப்பட்ட அளவைவிட அதிக அழுத்தம் தருபவையாகவும் இருக்கக்கூடும். ஃபாக்ஸிலும் அறை இன்றைய அளவைவிடச் சற்றுக் குட்டையாக இருக்கலாம். ஆகவே அமெரிக்கத் துப்பாக்கி என்பதாலேயே அமெரிக்கத் தோட்டாவைக் கண்ணை மூடிக்கொண்டு போடலாம் என்று எண்ண வேண்டாம். இரண்டுக்கும் குறைந்த அழுத்தமுள்ள, நீளம் குறைந்த தோட்டாக்கள் தனியாகக் கிடைக்கின்றன. வாத்து வேட்டைக்கு இவற்றில் எதையும் எடுத்துப்போக நினைத்தால், அமெரிக்காவில் 1991 முதல் நீர்ப்பறவைகளுக்கு ஈய ரவை நாடு முழுவதும் தடை என்பதையும், அதற்கு மாற்றான எஃகு ரவை இந்தப் பழைய குழல்களைக் கெடுத்துவிடும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். பிஸ்மத் என்ற உலோக ரவை பொருந்தும், விலை கடிக்கும்.

நீங்கள் கேட்டது காட்டுக்குள் நடந்து சுடும் கிரவுஸ் வேட்டை. புதருக்குள்ளிருந்து படபடவென்று எழும்பி மரங்களுக்கு இடையில் மறையும் பறவைக்கு இரண்டு நொடிகூட அவகாசம் இராது. அங்கே துப்பாக்கி கையில் லேசாக இருக்க வேண்டும், நாள் முழுவதும் சுமக்கவும் வேண்டும். ஸ்டெர்லிங்வொர்த் 12 போர் பெரும்பாலும் ஏழு பவுண்டையோ அதற்கு மேலோ நிறுக்கும். வெப்லி அதைவிட அரைப் பவுண்டு குறைவாக இருக்க வாய்ப்புண்டு. நேரான கைப்பிடியில், குழலுக்கு ஒன்றாக உள்ள இரு விசைகளில் முன்விசையிலிருந்து பின்விசைக்குக் கை எளிதாக நழுவுவதும், எந்தக் குழலால் சுடுவது என்று அந்தக் கணத்தில் தேர்ந்துகொள்ள முடிவதும் இத்தகைய காட்டில் உண்மையான உதவி. நான் உங்கள் இடத்தில் இருந்தால் வெப்லியைத்தான் எடுப்பேன். ஆனால் உங்கள் கேள்வி உயரே போகும் வாத்தைப் பற்றியதாக இருந்திருந்தால், தயங்காமல் ஃபாக்ஸைக் காட்டியிருப்பேன்.

கடைக்குப் போகும்போது இதைச் செய்யுங்கள். குழலின் கீழுள்ள முன்கட்டையைக் கழற்றிவிட்டு, துப்பாக்கியை மூடி, பின்பகுதியை ஒரு கையிலும் குழலை மறு கையிலும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். அசைவு உணரப்பட்டால் விலையைக் குறைத்துப் பேசுவதை மறந்துவிட்டுத் துப்பாக்கியையே கீழே வைத்துவிடுங்கள். ஃபாக்ஸில் துப்பாக்கியைத் திறக்கும் மேல்நெம்புகோல் நடுக்கோட்டுக்குச் சற்று வலப்புறம் நின்றால் பூட்டு இன்னும் தேயவில்லை என்று பொருள். இடப்புறம் போயிருந்தால் வெகுவாக உழைத்துவிட்டது. வெப்லியில் அடிமுத்திரைகளைத் தெளிவாகப் படம் எடுத்து, குழல் அளவுகளையும் கடைக்காரரிடம் எழுதி வாங்கி எனக்கு அனுப்புங்கள். அடுத்த விளக்கத்தில் அவற்றை வைத்து, அந்தக் குழலை எவராவது தேய்த்திருக்கிறாரா என்று சேர்ந்தே கணக்குப் பார்த்துவிடலாம்.