எறும்பு ஏறும் செம்பருத்தி

நேயர்களுக்கு வணக்கம்.

மாடியிலும் பால்கனியிலும் செடி வளர்ப்பவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "சார், செடியில பூச்சி விழுந்திருக்கு, என்ன மருந்து அடிக்கலாம்?" என்ன பூச்சி என்று திருப்பிக் கேட்டால், "ஏதோ வெள்ளையா இருக்கு" என்பார்கள். அது மாவுப்பூச்சியாக இருக்கலாம், வெள்ளை ஈயாக இருக்கலாம், அசுவினி என்ற சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி உரித்துப் போட்ட வெறும் தோலாகவும் இருக்கலாம். பூச்சி எதுவென்று தெரியாமல் மருந்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை. பத்து தொட்டி வைத்திருப்பவர் ஒவ்வொரு இலையையும் புரட்டிப் பார்த்துவிடலாம்; ஐந்து ஏக்கர் விவசாயிக்கு அது நடக்காது. வீட்டுச் செடிக்கு விஷ மருந்து தேவைப்படுவது மிக அபூர்வம் என்று நான் சொல்வது இதனால்தான்.

செம்பருத்தியை எடுத்துக்கொள்வோம். தண்டில் எறும்பு வரிசையாக ஏறி இறங்குகிறதா? அந்த வரிசை எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் கொழுந்திலோ மொட்டின் காம்பிலோ இலைக்கணுவிலோ போய் நிற்கும். அங்கே பஞ்சு ஒட்டியது போலத் தெரிவதுதான் மாவுப்பூச்சி. சாற்றை உறிஞ்சிவிட்டு இனிப்பான கழிவை வெளியேற்றும். அதற்காகத்தான் எறும்பு வருகிறது. சும்மாவும் வருவதில்லை, மாவுப்பூச்சியைத் தின்ன வரும் பொறிவண்டையும், அதன் உடலில் முட்டையிட்டு அதைக் கொல்லும் சிறு குளவியையும் விரட்டியடிக்கிறது. அதே இனிப்பு கீழ் இலைகளில் சொட்டி, அதன்மேல் கரும்பூசணம் படர்கிறது. இலை கறுத்துவிட்டது என்று பூஞ்சண மருந்து வாங்குபவர்கள் உண்டு. துடைத்தாலே போய்விடும், பூச்சி மேலே இருக்கும்வரை திரும்பவும் வரும்.

ஆகவே முதல் வேலை எறும்பை நிறுத்துவது. தொட்டி வைக்கும் ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். செடியின் கிளை சுவரையோ கம்பியையோ தொடாமல் இருக்கட்டும். தொட்டால் எறும்புக்குப் பாலம் போட்டுக் கொடுத்த மாதிரி. கிண்ணத்துத் தண்ணீரை மூன்று நாளைக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் செடியைக் காப்பாற்றி டெங்கு கொசுவை வளர்த்துவிடுவோம்.

அடுத்தது பூச்சி. சுருண்டுபோன நுனிகளைக் கிள்ளி எடுத்து சோப்புத் தண்ணீரில் போடுங்கள். மீதியைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவுங்கள். உள்ளே வைக்கும் மணி பிளான்ட், குரோட்டன் போன்றவற்றில் நாலைந்து பூச்சிதான் என்றால், ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சால் தொட்டு எடுத்தாலே போதும்.

அதன் பிறகு வேப்பெண்ணெய். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி. எண்ணெயை நேராகத் தண்ணீரில் ஊற்றினால் மேலே மிதக்கும், முதல் தெளிப்பில் வெறும் தண்ணீர்தான் வரும். சில சொட்டு காதி சோப்புக் கரைசலில் எண்ணெயை நன்றாக அடித்து, பால் போல ஆன பிறகு தண்ணீர் சேருங்கள். சலவைத் தூள் வேண்டாம், இலை கருகும். வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கம் நனையும்படி தெளியுங்கள். ஒருமுறை அடித்துவிட்டு "மருந்து கேட்கவில்லை" என்பவர்களுக்கு ஒரு விளக்கம்: தாய்ப்பூச்சியின் பஞ்சுப்பைக்குள் நூற்றுக்கணக்கில் முட்டை இருக்கிறது. அதற்குள் எண்ணெய் போகாது. முட்டையிலிருந்து வெளிவந்து ஊரும் குஞ்சுக்கு மேலே மெழுகு பூச்சு இராது; அப்போதுதான் மருந்து பிடிக்கும். வாரம் ஒருமுறை, மூன்று தடவையாவது தெளிக்கச் சொல்வது அதற்காக.

தெளிப்பதற்கு முன் ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். மாவுப்பூச்சிக் கூட்டத்துக்கு நடுவே, அதே வெள்ளை மெழுகோடு, ஆனால் பெரிதாக, உடம்பெல்லாம் நீண்ட இழைகள் தொங்க, சுறுசுறுப்பாக ஓடும் ஒரு புழு இருந்தால் அதை நசுக்கிவிடாதீர்கள். அது கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழு. ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட வண்டு. மாவுப்பூச்சிதான் அதன் சாப்பாடு. அது இருந்தால் தெளிப்பை விட்டுவிட்டு வேடிக்கை பாருங்கள்.

இப்படிப்பட்ட உயிர்களின் பலத்தைத் தமிழ்நாடு கண்ணால் கண்டிருக்கிறது. 2008இல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டது. பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, வீட்டுச் செம்பருத்தி என்று எதையும் விடவில்லை. எத்தனையோ மருந்து அடித்தும் அடங்கவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசிரோபேகஸ் பப்பாயே என்ற மிகச் சிறிய ஒட்டுண்ணிக் குளவியைத் தருவித்து, பெருக்கி, தோட்டங்களில் விட்டார்கள். அதன் பிறகுதான் அந்தப் பூச்சி கட்டுக்குள் வந்தது.

கோடையில் இலை மங்கி, ஊசியால் குத்தியது போல வெளிறிய புள்ளிகள் தெரிந்தால் விஷயம் வேறு. வெள்ளைத் தாளை இலைக்கு அடியில் பிடித்துத் தட்டுங்கள். விழுந்த தூசி நகர்ந்தால் அது செம்பேன். எட்டுக் கால் உள்ள இது பூச்சியே அல்ல, சிலந்தியின் உறவு. அதனால் இமிடாகுளோபிரிட் போன்ற பூச்சி மருந்துகள் இதைக் கொல்வதில்லை, சில சமயம் பெருகவும் விட்டுவிடுகின்றன. இலையின் அடியில் இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீரைப் பீய்ச்சினாலே பாதி குறையும். அடங்காவிட்டால் நனையும் கந்தகம், அதாவது தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகத் தூள், லிட்டருக்கு 2 கிராம். கடும் வெயில் நாளில் வேண்டாம். வேப்பெண்ணெய் அடித்திருந்தால் இரண்டு வாரம் பொறுத்து அடியுங்கள், இரண்டும் சேர்ந்தால் இலை பொசுங்கிவிடும்.

தொட்டி மண்ணிலிருந்து சின்னக் கறுப்பு ஈ எழும்புகிறதென்றால் தண்ணீர் அதிகம், மேல்மண் காயட்டும். வெள்ளை ஈக்கு மஞ்சள் ஒட்டும் அட்டை கட்டுங்கள். கறிவேப்பிலையில் பறவை எச்சம் போல ஒட்டியிருப்பது வண்ணத்துப்பூச்சியின் புழு. கையால் எடுத்தாலே போதும். சமையலுக்குப் பறிக்கும் செடி, விஷம் வேண்டவே வேண்டாம். செடி பெரிதாக இருந்தால் நான் ஒன்றிரண்டை விட்டுவைப்பேன், தின்றுவிட்டுப் பறந்து போகட்டும்.

நர்சரியிலிருந்து வாங்கி வரும் புதுச் செடியை இரண்டு வாரம் தனியாக வையுங்கள். மேலே எதுவும் இல்லாமல் செடி வாடிக்கொண்டே போனால், தொட்டியிலிருந்து கழற்றி வேரைப் பாருங்கள். வேரில் வாழும் மாவுப்பூச்சியும் உண்டு. அப்படியிருந்தால் பழைய மண்ணை உதறி, வேரைக் கழுவி, தொட்டியையும் தேய்த்துக் கழுவிப் புது மண்ணில் நடுங்கள். உதறிய மண்ணைப் பக்கத்துத் தொட்டியில் கொட்டிவிடாதீர்கள்.

வணக்கம்.