பதினெட்டு முடிந்தவர்களுக்கு ஒரு வீடு: அங்கே கூட நிற்கிறவரின் வேலை

[திரையில்: திருப்பூர். ஷிப்ட் முடிந்து டீக்கடை முன்னால் நிற்கும் கூட்டம்]

வணக்கங்க. குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்த ஒரு பெண்ணுக்கோ பையனுக்கோ 18 வயது முடிகிறது. அடுத்து எங்கே போவது? அப்படி வெளியே வருகிறவர்கள் ஆறேழு பேராகச் சேர்ந்து தங்கும் வீடுகள் இருக்கின்றன. அந்த வீட்டில் அவர்களோடு இருந்து, சொந்தக் காலில் நிற்கும்வரை உதவுவது ஒரு வேலை. நான் திருப்பூர்ப் பக்கம் அந்த வேலையில்தான் இருக்கிறேன். எங்கள் வீட்டில் எல்லாரும் பெண்கள். பனியன் கம்பெனிக்குப் போகிறவர்கள் உண்டு, ஐடிஐ போகிறவர்கள் உண்டு, கல்லூரிக்குப் போகிறவர்களும் உண்டு. யாரையும் அடையாளம் காட்டக் கூடாது என்பதால் விவரங்களை மாற்றித்தான் சொல்கிறேன்.

சட்டத்தை முதலில் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 46-ஆவது பிரிவு, இல்லத்தை விட்டு வெளியே வருகிறவர்களுக்குப் பண உதவி செய்யலாம் என்கிறது. 18 முடிந்து 21 முடியாதவர்களுக்கான இந்த ஏற்பாட்டுக்குப் பெயர் பிற்காப்பு. 2016-இல் வந்த மாதிரி விதிகளில் 25-ஆவது விதி இன்னும் விவரமாகப் பேசுகிறது. சேர்ந்து தங்க வீடு, படிக்கும்போது உதவித்தொகை, தொழிற்பயிற்சி, சுயதொழிலுக்குக் கடன் எல்லாம் அதில் இருக்கின்றன. நிஜமாகவே தேவை என்றால் 21-க்குப் பிறகும் இரண்டு வருடம் நீட்டிக்கலாம். இல்லத்தை விட்டு வருவதற்கு இரண்டு மாதம் முன்பே, இவருக்கு வெளியே என்ன தேவை என்று திட்டம் எழுதி, இல்லத்தில் சேர்க்க ஆணையிட்ட குழந்தைகள் நலக் குழுவிடமோ இளைஞர் நீதிக் குழுமத்திடமோ கொடுக்க வேண்டும். மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தின் 2022 வழிகாட்டுதல்படி பிற்காப்புத் தொகை மாதம் 4,000 ரூபாய். அது அவரவர் வங்கிக் கணக்குக்கே போக வேண்டும்.

4,000 ரூபாயில் திருப்பூரில் தனியாக ரூம் எடுத்து மூன்று வேளை சாப்பிட முடியாது. அதனால்தான் சேர்ந்து தங்கும் வீடு அவ்வளவு முக்கியம் என்கிறேன்.

[திரையில்: ஒரு சாவிக்கொத்து, ஆறு சாவி]

சரி, வேலைக்கு வருவோம். இங்கே இருப்பவர்கள் எல்லாரும் 18 தாண்டியவர்கள். ஆளுக்கொரு வாசல் சாவி உண்டு. நான் கதவைத் தட்டிவிட்டு, உள்ளே இருந்து பதில் வந்த பிறகுதான் அறைக்குள் போவேன். கேட்க எளிதாக இருக்கும். பத்து வருடம் மணி அடித்து எழுந்து, மணி அடித்துச் சாப்பிட்டு வளர்ந்தவர்களுக்கு இது ரொம்பப் புதுசு. முதல் மாதம் முழுக்க என்னிடம் அனுமதி கேட்டுக்கொண்டே இருப்பார்கள். "அக்கா, கடைக்குப் போயிட்டு வரட்டுங்களா?" "அக்கா, குளிச்சுக்கட்டுங்களா?" "உன் இஷ்டம் கண்ணு" என்று சிரிக்காமல், சலிக்காமல், ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும். அதுவும் வேலைதான்.

ராத்திரி எத்தனை மணிக்குள் வருவது, ஆள் வந்தால் எங்கே உட்காரவைப்பது போன்றவற்றை அவர்களே கூடிப் பேசி முடிவுசெய்து, சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். நேரமாகும் என்றால் ஒரு மெசேஜ் போட்டால் போதும்.

சமையல் என்றதும் ஒன்று சொல்லணும். அறுபது பேருக்குச் சோறு பொங்கும் அடுப்புப் பக்கம் குழந்தைகளை விடமாட்டார்கள், அது பாதுகாப்புக்காக. ஆனால் அப்படி வளர்ந்தவருக்கு, ஓர் ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று தெரியாது. நான் தொடங்குவது நம் ஊர் அரிசிம்பருப்பில்தான். ஒரு டம்ளர் அரிசி, கால் டம்ளர் துவரம்பருப்பு. எண்ணெயில் கடுகு, சீரகம், வரமிளகாய் தாளித்து, சின்ன வெங்காயமும் பூண்டும் வதக்கி, மஞ்சள் தூள் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குக்கரை மூடினால் முடிந்தது. முதல் தடவை நான் செய்வேன், அவள் பார்ப்பாள். அடுத்த தடவை அவள் செய்வாள், நான் பக்கத்தில் நிற்பேன். அதற்கடுத்து நான் கூடத்தில் உட்கார்ந்துகொள்வேன். உள்ளே கடுகு கருகும் வாசம் வந்தாலும் எழுந்து போகமாட்டேன். அவளே அடுப்பைக் குறைப்பாள். வங்கி, ஆஸ்பத்திரி, வீடு தேடுவது என்று எந்த விஷயத்தை எடுத்தாலும் நான் செய்வது இதே மூன்று படிதான்.

கடைசிப் படியில்தான் புதிதாக வருகிறவர்கள் தடுமாறுகிறார்கள். நாமே செய்துகொடுத்துவிட்டால் பத்து நிமிடத்தில் முடியும். பாசம் இருக்கிறவர்களுக்குக் கை தானாக நீளும். அந்தக் கையை அடக்குவதுதான் இந்த வேலையில் ரொம்பக் கஷ்டம் என்று நினைக்கிறேன்.

[திரையில்: ஆதார் அட்டை, வங்கிப் புத்தகம், மாற்றுச் சான்றிதழ் வைத்த பிளாஸ்டிக் ஃபைல்]

காகிதங்கள். ஆதாரில் இல்லத்து முகவரி இருக்கும். மைனராக இருந்தபோது தொடங்கிய வங்கிக் கணக்கை 18 முடிந்ததும் மாற்ற வேண்டும், புதுக் கையெழுத்து கொடுத்து மறுபடி கேஒய்சி என்ற அடையாளச் சரிபார்ப்பு செய்ய வேண்டும். வாக்காளர் பட்டியலுக்குப் படிவம் 6. கம்பெனியில் பிஎஃப் (வருங்கால வைப்பு நிதி) பிடித்தால் அந்தக் கணக்குக்கான யுஏஎன் எண்ணை வாங்கி, அவள் சொந்த ஃபோன் நம்பரோடு இணைக்க வேண்டும். இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீட்டுக்காகச் சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிப்பார்கள். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்கள் அதில் வருவார்கள். அந்த அட்டை இருந்தால் கோவை சிங்காநல்லூர் இஎஸ்ஐ ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கலாம் என்பது இங்கே பல பேருக்குத் தெரிவதில்லை.

படிப்பைத் தொடர்கிறவர்களுக்கு இன்னொன்று. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்துவிட்டுக் கல்லூரியிலோ ஐடிஐயிலோ சேர்ந்தால், பெண்களுக்குப் புதுமைப்பெண், பையன்களுக்குத் தமிழ்ப்புதல்வன் என மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். தமிழ்ப்புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் நம் கோவையில்தான் தொடங்கப்பட்டது.

வீடு பார்ப்பதுதான் மனதை வருத்தும். இங்கே தனியாகப் போகிறவர்கள் பார்ப்பது லைன் வீடுதான். வரிசையாக ஏழெட்டு வீடு, பொதுக் குழாய். வாடகையும் அட்வான்சும் பேசி முடிந்த பிறகு வீட்டுக்காரர் கேட்பார்: "கூட யாருங்க பெரியவங்க? அப்பா அம்மாவைக் கூட்டியாங்க, பேசிக்கலாம்." அடுத்த கேள்வி எந்த ஊர், என்ன ஆளுங்க என்று போகும். அந்த இடத்தில் அவள் தலை குனிவதைப் பார்த்தால் நமக்கு வாய் துடிக்கும். ஆனால் தன்னைப் பற்றி எவ்வளவு சொல்வது என்பது அவள் உரிமை. அதனால் கிளம்பும் முன்பே வீட்டில் உட்கார்ந்து பேசிக்கொள்வோம். நான் வீட்டுக்காரர் மாதிரி கேட்பேன், அவள் பதில் சொல்லிப் பழகுவாள். ஒருத்தி கண்டுபிடித்த பதில் இது: "நான் கம்பெனியில டெய்லருங்க. வாடகை மாசம் பொறந்தா அஞ்சாந்தேதிக்குள்ள குடுத்துருவேன். பொறுப்புக்கு இந்த அக்கா நம்பர் எழுதிக்கோங்க." வீடு கிடைத்துவிட்டது.

பணத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. திருப்பூரில் சனிக்கிழமை வாரச் சம்பளம் கைக்கு வரும், முதல் மாதங்களில் ஞாயிறு ராத்திரிக்குள் தீர்ந்துவிடும். வாடகைப் பங்கை மட்டும் சனிக்கிழமையே எடுத்து வைக்கப் பழக்கினால் மீதி மெல்ல வரும். என் கைப்பணத்தைக் கடனாகக் கொடுக்கமாட்டேன். கொடுத்தால் அவள் என்னிடம் பேசத் தயங்க ஆரம்பித்துவிடுவாள்.

[திரையில்: ராத்திரி நேரக் கூடம், ஒரு நோட்டுப் புத்தகம்]

ராத்திரிதான் பேச்சு வரும். "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க்கா" என்பார்கள். பண்ணக் கூடாது. "உன் உயிருக்கோ இன்னொருத்தர் உயிருக்கோ ஆபத்துன்னா என்னால மறைக்க முடியாது கண்ணு. மத்தது உனக்கும் எனக்கும்தான்" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 18 வயதுக்குக் கீழ் உள்ள ஒரு குழந்தைக்குப் பாலியல் வன்முறை நடப்பது தெரிந்தால், போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவுப்படி காவல் துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மனம் உடைந்து நிற்கும்போது அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416-க்கு எந்த நேரமும் கூப்பிடலாம். எண்ணைக் கொடுத்துவிட்டுப் படுக்கப் போகாமல், அவள் பேசி முடிக்கும்வரை கூப்பிடு தூரத்தில் இருங்கள்.

அப்புறம் நோட்டு. அடுத்த ஷிப்ட் ஆளுக்காக நடந்ததை எழுதி வைக்கிறோம். "அடம் பிடித்தாள்" என்று நான் எழுதமாட்டேன். "ஏழு மணிக்குக் கூப்பிட்டேன், கதவைத் திறக்கவில்லை. எட்டரைக்கு வந்து சாப்பிட்டாள், தலைவலி என்றாள்" என்று எழுதுவேன். இவர்களைப் பற்றி சின்ன வயதிலிருந்தே யாராவது ஃபைலில் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். நாளைக்கு அவளே கேட்டு வாங்கிப் படித்தாலும் நான் கூசாதபடி அந்த வரி இருக்க வேண்டும்.

எனக்கு வருடத்தில் பாரமான வாரம் தீபாவளி நோம்பி. போனஸ் போட்டதும் கம்பெனிகள் மூடி, தெற்கத்தி மாவட்டங்களுக்குப் பஸ் பஸ்ஸாக ஜனம் கிளம்பிவிடும். கடைவீதி தவிர ஊரே வெறிச்சோடும். "நோம்பிக்கு ஊருக்குப் போகலீங்களா?" என்று பக்கத்து மிஷின்காரர் நல்ல மனதோடுதான் கேட்பார். அந்த ஒரு கேள்விக்குப் பயந்து ஒருத்தி நாலு நாள் முன்பே லீவு போட்டுவிட்டாள். அதனால் அந்த வாரம் பணியாளர்கள் நாங்கள் யாரும் லீவு எடுப்பதில்லை. இதே வீட்டில் முன்பு இருந்து இப்போது தனியாக இருப்பவர்களையும் கூப்பிடுகிறோம். முறுக்குச் சுடுவது, பக்கத்து வளவுக்குப் பலகாரம் கொடுத்துவிடுவது எல்லாம் அவர்கள் பாடு. போன நோம்பிக்குத் தட்டு காலியாகத் திரும்பவில்லை, பதிலுக்கு அதிரசம் வந்தது.

இந்த வேலைக்கு வர நினைக்கிறவர்களுக்கு: சமூகப்பணிப் படிப்பு இருந்தால் நல்லது. கோவையில் பி.எஸ்.ஜி. கலை அறிவியல் கல்லூரியிலும் பாரதியார் பல்கலைக்கழகத்திலும் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) படிக்கலாம். சம்பளம் பெரிதாக இருக்காது, ராத்திரி ஷிப்ட் இருக்கும். நேர்காணலில் நீங்களும் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை பேருக்கு ஒரு பணியாளர்? ராத்திரி பிரச்சினை என்றால் நான் யாரைக் கூப்பிடுவது? என் மனபாரத்தை மாதம் ஒருமுறையாவது உட்கார்ந்து கேட்க ஆள் உண்டா? மூன்றாவதற்குப் பதில் இல்லை என்றால் யோசித்துச் சேருங்கள்.

இதை இல்லத்தில் இருந்துகொண்டே பார்க்கிற தம்பி, தங்கைகளுக்கு: 17 முடியும்போதே உங்கள் இல்லத்து சமூகப் பணியாளரிடம் "எனக்குப் பிற்காப்புத் திட்டம் எழுதியாச்சுங்களா?" என்று கேளுங்கள். வெளியே வந்துவிட்டீர்கள், இன்னும் 21 ஆகவில்லை என்றால் உங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போங்கள். எங்கே இருக்கிறது என்று ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். குழந்தைகள் நலக் குழுவின் ஆணை நகல், ஆதார், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம் மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். மனுவை இரண்டு பிரதி எழுதி, ஒன்றில் தேதியோடு முத்திரை வாங்கி நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.