இரண்டு கேற் வைத்த வீடு

எல்லோருக்கும் வணக்கம். தலைவர் என்னை வரலாற்று ஆய்வாளர் என்று அறிமுகப்படுத்தினார். அது கொஞ்சம் கூடிப்போயிற்று. காணிப் பத்திரங்களை அத்தாட்சிப்படுத்துகிற நொத்தாரிசு ஒருவரின் கந்தோரில் நாற்பது வருசம் அந்த உறுதிகளைத் தட்டச்சு அடித்தவன் நான். காணிக் கந்தோர்ப் புத்தகங்களைப் புரட்டிப் புரட்டித் தும்மல் வியாதி வந்ததுதான் மிச்சம். ஆனால் ஒரு வீட்டின் கதையை எங்கே தேடுவது என்று எனக்குத் தெரியும். எங்கே தேடினாலும் கிடைக்காது என்பதும் தெரியும்.

இன்றைக்குப் பேசப் போவது கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைக்கு இறங்குகிற ஒழுங்கை ஒன்றில் இருந்த டொக்டர் வீட்டைப் பற்றி. பேர் வேண்டாம் என்று பிள்ளைகள் கேட்டுக்கொண்டார்கள். எங்கள் ஒழுங்கையில் எல்லாரும் சொன்னபடியே 'டொக்டர் ஐயா' என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் உறுதி. இலங்கையில் காணி கைமாற வேண்டுமென்றால் ஒரு நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் வேண்டும். 1840-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்கச் சட்டம் அது. பிறகு அந்த உறுதி காணிக் கந்தோரில் பதிவாகும். ஒரு காணிக்கு ஒரு பக்கம். அந்தப் பக்கம் நிரம்பினால் இன்ன புத்தகத்தில் இன்ன பக்கம் பார்க்க என்று எழுதிவிடுவார்கள். அப்படியே பின்னால் பின்னால் போகலாம். நான் போனேன். முதலில் அது தென்னந்தோட்டம். பிறகு துண்டு துண்டாகப் பிரித்த காணி. பிறகு எங்கள் டொக்டர் ஐயா வாங்கியது: பூச்சியம் ஏக்கர், பூச்சியம் றூட், 22 பேர்ச். ஒரு பேர்ச் 272¼ சதுர அடி, கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நான்கு எல்லையும் சொல்லி, 'அதிலுள்ள கட்டடங்களும் மரங்களும் உட்பட' என்று முடியும். அவர் அங்கே நோயாளி பார்த்து மருந்து கொடுத்த டிஸ்பென்சரி என்ற சொல் ஓர் இடத்திலும் கிடையாது.

அந்த வீட்டுக்கு இரண்டு கேற். முன்கேற் பெரியது, கார் போவது. அதால் போனால் போர்ட்டிகோ, விறாந்தை, ஹோல். பக்கத்துக் கேற் ஓர் ஆள் நுழையிற அளவு. அதன் தூணில் பித்தளைப் பலகை, பெயருக்குப் பின்னால் எல்.எம்.எஸ். என்று மூன்று எழுத்து, அந்தக் காலத்து வைத்தியப் பட்டம். உள்ளே ஓடு போட்ட சார்ப்பு, சுவரோரமாக இரண்டு வாங்கு, சின்ன அறை ஒன்று டொக்டருக்கு, அதைவிடச் சின்ன அறை மருந்து கலக்குகிற கொம்பவுண்டருக்கு. நான் முன்கேற்றால் போனது இரண்டே தரம்தான், இரண்டும் கலியாணத்துக்கு. பக்கத்துக் கேற்றால் எத்தனை தரம் போனேன் என்று கணக்கே இல்லை. இந்தச் சபையில் வெள்ளவத்தைக்காரர் பாதிப் பேர் இருப்பீர்கள். உங்கள் கணக்கும் அப்படித்தான் இருக்கும்.

போத்தலை மறக்கக் கூடாது. மருந்துக்குப் போகிறவன் போத்தலும் கொண்டு போக வேண்டும். அம்மா அதைச் சுடுதண்ணீர் விட்டுக் கழுவி, பழைய மருந்து மணம் போயிற்றா என்று மணந்து பார்த்துத்தான் தருவா. கொம்பவுண்டர் அறையில் கைநுழையிற யன்னல் ஒன்று. அதற்குள் போத்தலை நீட்டினால் உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம், பிறகு தக்கை அடைக்கிற சத்தம். வெளியே வரும்போது பக்கத்தில் ஒரு வெள்ளைக் கடதாசித் துண்டு ஒட்டியிருக்கும், ஓரமெல்லாம் பல்லுப் பல்லாகக் கத்தரித்து. ஒரு பல்லு ஒரு வேளை. ஆறு அவுன்ஸ் போத்தலுக்கு ஆறு பல்லு, ஒரு நாளைக்கு மூன்று வேளை, இரண்டு நாள் மருந்து. எழுதப் படிக்கத் தெரியாத ஆச்சிக்கும் பிழைக்காது. அவ்வளவு கெட்டித்தனமான லேபலை நான் இன்றைக்கும் எந்த பார்மசியிலும் காணவில்லை. குலுக்கிக் குடி என்று மட்டும் கொம்பவுண்டர் வாயால் சொல்லுவார், ஏனென்றால் குலுக்காவிட்டால் மேலே தண்ணீரும் அடியில் மருந்தும்.

அவர் புத்தகத்தில் எல்லாம் 'மிஸ்ற்' என்று தொடங்கும். மிஸ்ற் என்பது ஏதோ வெள்ளைக்காரன் பேர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். (சிரிக்காதீர்கள், உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?) அது கலவை என்பதற்கான லத்தீன் சொல்லின் சுருக்கம். யோசித்துப் பாருங்கள். மானிப்பாயில் டொக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1864-இலிருந்து தமிழிலேயே மேனாட்டு வைத்தியம் படிப்பித்தவர். உடற்கூறு, இரசாயனம் என்று தமிழில் புத்தகம் எழுதுவித்தவர். அந்த யாழ்ப்பாணத்து மண்ணில் பிறந்த ஒரு டொக்டர், ஒரு கொம்பவுண்டர், கொழும்புக்கு வந்தபோது இரண்டு பேருக்கும் இடையில் லத்தீன். நோயாளிக்கு மட்டும் தமிழும் சிங்களமும். இதற்கு யாரைக் குறை சொல்வது என்று தெரியவில்லை, ஆனால் எனக்கு மனம் ஆறவில்லை.

இப்படி வீடும் வைத்தியமும் ஒரே கூரையில் வந்தது எப்படி? கொழும்பு பொது வைத்தியசாலை 1864-இல் திறந்தது. பக்கத்தில் 1870-இல் மருத்துவக் கல்லூரி. அங்கே படித்து எல்.எம்.எஸ். வாங்கியவர்களில் பெரிய ஆட்கள் வைத்தியசாலைக்குக் கிட்ட, வார்ட் பிளேஸ் பக்கம் வீடு கட்டினார்கள். மற்றவர்கள் காலி வீதி நெடுக, கொட்டாஞ்சேனையில், மருதானையில் என்று பரவினார்கள். 1942-இல் பல்கலைக்கழகம் வந்த பிறகுதான் பலகைகளில் எம்.பி.பி.எஸ். ஏறியது. அதனால் எல்.எம்.எஸ். பலகை கண்டால் ஆள் பழைய ஆள் என்று தெரிந்துகொள்ளலாம்.

பக்கத்துக் கேற்றுக்கு வேறு பலனும் இருந்தது. கொழும்பு வடக்கில் டொக்டர் ரத்னசோதி சரவணமுத்து 1931-இல் அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபைக்குத் தெரிவானார். தேர்தல் வழக்கில் ஆசனம் போனதும் 1932-இல் அவருடைய மனைவி நேசம் சரவணமுத்து அதே தொகுதியில் நின்று வென்றார். 1937-இல் டொக்டர் கொழும்பின் முதல் மேயர். தமிழர் என்று பார்த்தா வாக்குப் போட்டார்கள்? காய்ச்சலுக்கு மருந்து தந்த ஆள் என்று போட்டவர்களும் இருந்திருப்பார்கள் என்பது என் ஊகம்.

சில டொக்டர் வீடுகளுக்கு நல்ல காலம். டொக்டர் விஜேராம தன் வீட்டை வைத்தியர் சங்கத்துக்கே கொடுத்தார். 1887-இல் தொடங்கிய சங்கம் அது. இன்றைக்கும் விஜேராம இல்லத்தில்தான் இருக்கிறது. முன்பு மெக்கார்த்தி வீதி என்றிருந்த தெருவுக்கும் அவர் பேர். அல்பிரட் ஹவுஸ் வீதியில் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1960-களின் தொடக்கத்தில் டொக்டர் பார்த்தலோமியூஸ் என்பவருக்கு வரைந்த வீடு, பிறகு பாவாவின் சொந்தக் கந்தோராகி, இப்போது கலரி கஃபே. அங்கே கேக் சாப்பிடுகிறவர்களுக்கு டொக்டரைத் தெரியாது. காலியில் இன்னொரு டொக்டருக்குப் பாவா கட்டிய வீட்டில் நோயாளி பார்க்கும் இடம் கீழே தெருவோரம், குடும்பம் மேலே சரிவில். எங்கள் ஒழுங்கை மேசன் அதையே ஒரு மதிலால் செய்துவிட்டார்.

சரி, எங்கள் வீட்டுக்கு வருவோம். 1971-இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் வந்தது, சேனக பிபிலே தலைவர். மருந்து மலிந்தது, இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. டொக்டர் ஐயா முணுமுணுத்துக்கொண்டே நல்ல காரியம் என்றார். ஒருவர் எத்தனை வீடு வைத்திருக்கலாம் என்று கட்டுப்படுத்திய 1973 வீட்டு உச்சவரம்புச் சட்டத்தில் வாடகைக்கு விட்டிருந்த மற்ற வீடு போயிற்று. அதற்கு முணுமுணுப்பு மட்டும்தான். பிறகு சனங்கள் தனியார் ஆஸ்பத்திரிகளில் டொக்டர்மாரைச் சனல் பண்ண, அதாவது முன்கூட்டியே பதிந்து பார்க்க, பழகினார்கள். வாங்கில் ஆள் குறைந்தது.

1983 ஜூலையில், தமிழருக்கு எதிரான கலவரத்தில், வெள்ளவத்தைக்கு நடந்தது இந்தச் சபைக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டொக்டர் வீட்டில் வீடு பாதி தப்பியது. டிஸ்பென்சரி தப்பவில்லை, ஸ்பிரிட்டும் கடதாசியும் நிறைந்த அறை. அலுமாரியில் முப்பது வருசத்து நோயாளிப் புத்தகங்கள் இருந்தன. யாருக்கு என்ன காய்ச்சல், யார் காசு தந்தது, யாருக்குச் சும்மா கொடுத்தது எல்லாம் அதில்தான். கொம்பவுண்டர் மூன்றாம் நாள் அகதி முகாமிலிருந்து வந்து சாம்பலைக் கிளறிப் பார்த்தார். உருகின போத்தல் கட்டிகளை மட்டும் சாக்கில் கட்டிக்கொண்டு போனதை நானே கண்டேன். எதற்கென்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த உறுதி இரண்டு வருசத்துக்குள். அதை அடித்தது எங்கள் கந்தோர். தட்டச்சில் இருந்தது நான். 'அதிலுள்ள கட்டடங்களும் மரங்களும் உட்பட' என்று வழக்கம் போல விரல் தானாகவே அடித்தது. நொத்தாரிசு ஐயா வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கையெழுத்து வைத்தார்.

இப்போது அங்கே தொடர்மாடி. பக்கத்துக் கேற் இருந்த இடத்தில் ஜெனரேற்றர் அறை. மதிலைப் புதிதாகக் கட்டினவர்கள் பழைய தூண் ஒன்றை இடிக்காமல் விட்டிருக்கிறார்கள். பலகை அடித்த நான்கு ஆணி ஓட்டையும் பெயின்ற்றுக்கு மேலால் தெரிகிறது.

இதை எழுதி வைக்க எனக்கு ஓர் உதவி வேண்டும். உங்கள் வீட்டுப் பரணில், அம்மாவின் பெட்டியில், பழைய மருந்துப் போத்தல் கிடந்தால் அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். எந்த டொக்டருடையது என்றாலும் பரவாயில்லை. தயவுசெய்து கழுவ மட்டும் வேண்டாம், அந்தத் துண்டு உரிந்துவிடும்.