கண்ணில் தெறித்த துளி

நேயர்களுக்கு வணக்கம். ஆய்வுக்கூட விலங்குகளைப் பராமரிப்பவர்களின் உடல்நலம் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். இந்த வேலையில் ஆபத்து என்றதும் கடியும் கீறலும்தான் நினைவுக்கு வரும். நான் முதலில் சொல்லப்போகும் சம்பவத்தில் இரண்டுமே கிடையாது.

1997 அக்டோபர். அமெரிக்காவின் அட்லாண்டா பகுதியில், ரீசஸ் இனக் குரங்குகளோடு வேலை செய்துகொண்டிருந்த 22 வயதுப் பெண்ணின் கண்ணில் குரங்கிடமிருந்து ஏதோ தெறித்தது. பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருக்கவில்லை. முக்கால் மணி நேரம் கழித்துத்தான் கண்ணைக் கழுவினார், அதுவும் ஓரிரு நிமிடம். பத்து நாள் போல ஆனதும் கண் சிவந்தது. டிசம்பர் 10 அன்று இறந்துபோனார்.

காரணம், ஹெர்பிஸ் பி என்ற வைரஸ். ரீசஸ் குரங்குக்கு இது பெரிய நோயே இல்லை. நம் உதட்டில் வருகிற கொப்புளம் மாதிரி வந்து போகும். பல குரங்குகளுக்கு அதுகூடத் தெரியாது, தெம்பாகவே இருக்கும். மனிதருக்கு வந்தால் மூளையையும் தண்டுவடத்தையும் தாக்கும். 1932இல் குரங்கு கடித்து இறந்த பிரெப்னர் என்ற இளம் மருத்துவரின் பெயரில்தான் அந்த 'பி' இருக்கிறது.

சரி, என்ன செய்வது? தெறித்த உடனே கழுவ வேண்டும், முழுசாக 15 நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்று பாருங்கள், எவ்வளவு நீளமான நேரம் என்று புரியும். அப்புறம் மருத்துவரிடம் போக வேண்டும். வைரஸைத் தடுக்கும் மாத்திரையை அறிகுறி வருமுன்னே தொடங்கலாமா என்று அவர் முடிவு செய்வார்.

காசநோய்ப் பரிசோதனைக்குக் கூப்பிட்டால் சில ஊழியர்கள் முகம் சுளிப்பார்கள், தங்களைச் சந்தேகப்படுவதாக. உண்மையில் காசநோயும் தட்டம்மையும் நம்மிடமிருந்தே குரங்குக்குப் போகலாம். ஒருவரின் இருமலில் ஒரு கூடத்துக் குரங்குகள் எல்லாமே படுத்துவிடும்.

எலி, சுண்டெலி பார்ப்பவர்களுக்கு வேறு தொல்லை. அவற்றின் சிறுநீரில் உள்ள புரதம் காற்றில் கலந்து மூக்கில் ஏறும். முதலில் வெறும் தும்மல், நாளடைவில் சிலருக்கு ஆஸ்துமா. ஆண்டுதோறும் மூச்சை ஊதிப் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

குரங்குகளோடு வேலை செய்பவர்கள் சட்டைப்பையில் ஒரு அட்டை வைத்திருப்பது நல்லது, தொழிலும் அவசர எண்ணும் எழுதி. ஹெர்பிஸ் பி சாதாரணக் காய்ச்சல், தலைவலி போலத்தான் தொடங்கும். தெருமுனை கிளினிக் மருத்துவர் வாழ்நாளில் இந்த நோய் வந்த ஒருவரைக்கூடப் பார்த்திருக்க மாட்டார். நீங்கள் குரங்கு பற்றிச் சொல்லாவிட்டால், காய்ச்சல் மாத்திரை எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

நன்றி, வணக்கம்.